சிரிக்காத சோடி

என் கணவர் வீரக்குட்டிக்கு இரண்டு பெண்சாதிகள். ஒன்று நான், நாகேஸ்வரி. மற்றது அலெக்ஸாண்டர்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் பற்றி எரிந்தது. அலெக்ஸாண்டர் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள், கீழ்நோக்கி வளைந்த மீசை, கூப்பிட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற தொண்டை. என் மனுசனோடு ஒரே கொம்பனியில், ஒரே மெசினில், மாஜரின் அடைக்கிற பிளாஸ்ரிக் டப்பா செய்கிற வேலை. கலியாணம் கட்டவில்லை. "அவனுக்கு என்னத்துக்குக் கலியாணம், அதுதான் என்ரை மனுசன் இருக்கிறாரே" என்று அவனுடைய தங்கச்சி எமில்டாவின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். எமில்டா என்னோடு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்தவள். அவள் நல்ல பிள்ளை. அண்ணன்காரன்தான் எனக்குச் சனியனாக வந்து வாய்த்தான்.

போன வருசம் ரொறன்ரோவில் மல்வேர்னை விட்டு, கொஞ்சம் தள்ளி அஜக்ஸில் வீடு வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கடை மிஸ்ரர் நல்ல அமைதியான ஆள், என்ன?" என்றார். அமைதியாம் அமைதி. அந்த அமைதியோடு நான் பட்ட பாட்டை அவருக்குச் சொல்லத் தொடங்கித் தேத்தண்ணி ஆறிப்போனது. அதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

வீரக்குட்டி மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட. தகப்பனுக்கு வயல். பிரச்சினை முற்றின காலத்தில் அங்கே இங்கே ஒளித்துத் திரிந்து, கடைசியில் அகதியாக ரொறன்ரோவில் வந்து இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சின்ன அப்பாட்மென்ற்றில் ஒரு கூட்டம் பெடியங்களோடு நிலத்தில் படுத்து எழும்பியவர். அந்தக் கூட்டத்தில் என் அண்ணனும் ஒருவர். அண்ணன் திருகோணமலைக்குப் போன் எடுத்து, "நல்ல பெடியன் ஒருத்தன் இருக்கிறான். குடி இல்லை, சிகரெட் இல்லை, சத்தம் இல்லை" என்றார். குடி இல்லை, சிகரெட் இல்லை என்ற இரண்டையும் கேட்டு அம்மா அழுதே விட்டார். சத்தம் இல்லை என்றதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் நான் வந்து இறங்கின கையோடு கோயில் மண்டபத்தில் கலியாணம். படம் பிடிக்க வந்தவர் கெஞ்சினார். "மாப்பிள்ளை, கொஞ்சம் பல்லைக் காட்டுங்கோ." மாப்பிள்ளை காட்டினார். பல்லுக் கொதிக்கு டொக்டரிடம் போய் வாயைத் திறக்கிற மாதிரித் திறந்து காட்டினார். "பறவாயில்லை, மூடுங்கோ" என்று படக்காரரே கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஷோக்கேஸில் இருக்கிற கலியாணப் படத்தில் நான் மட்டும்தான் சிரிக்கிறேன்.

நாட்டிலே பட்ட கஷ்டத்தால்தான் மனுசன் இப்படி உம்மென்றிருக்கிறார் என்று சனம் நினைத்தது. பாவம் என்று என்னிடம் துக்கம் விசாரித்தவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. மாமியைப் போனில் கேட்டேன். "அவன் தொட்டில்லயே உம்மெண்டுதான் கிடந்தவன் மகள்" என்றார். பிறவிக் குணமாம்.

குறை சொல்லக்கூடாது. காலை ஷிப்ற்றுக்கு நேரத்துக்கு எழும்புவார். பனி கொட்டினால் எங்கள் வாசலை வழித்து, கேட்காமலே பக்கத்து வீட்டு வாசலையும் வழித்துவிட்டு வருவார். சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில் தருவார். எல்லாம் சரி. வாய் மட்டும் இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே மீன் குழம்புக்கு உப்புப் போடாமல் வைத்தேன். மனுசன் முழுக்கச் சாப்பிட்டு, கோப்பையையும் கழுவி வைத்தார்.

"எப்பிடி இருந்தது குழம்பு?" என்றேன்.

"ம்."

எனக்கு வந்ததே கோபம். "இஞ்சேருங்கோ, உங்களுக்கும் உந்தப் பிறிட்ஜுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் குசினிக்கை நிக்குது. ரெண்டுக்கையும் நான்தான் சாப்பாட்டை வைக்கிறன். பிறிட்ஜ் எண்டாலும் இடைக்கிடை முனகும்!"

அடுத்த நாள் வேலையில் இதைச் சொன்னபோது எமில்டா உருளைக்கிழங்குக் கூடையைப் பிடித்துக்கொண்டு கீழே குந்திவிட்டாள். ஜமேக்காப் பெண்ணுக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் என் உடைந்த இங்கிலீசில் சொன்னேன். அவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். என்ன சத்தம் என்று பார்க்க மனேஜர் வந்து, அவரும் நின்று சிரித்துவிட்டுப் போனார். நான் வாய் திறந்தால் குசினியே சிரிக்கும், அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதைச் சொன்ன அன்று என் மனுசன் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பிறிட்ஜையே திறந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஒரு தரம், ஒரேயொரு தரம், நான் சொன்ன கதைக்கு இந்த மனுசன் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். கனடாவுக்கு வந்து நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். நகைநட்டுக்கு இல்லை, காருக்கு இல்லை.

சிரிக்கவே தெரியாத ஆள் என்றால் மனதைத் தேற்றியிருப்பேன். தெரியும் என்று கண்ணால் கண்டேனே, அங்கேதான் வினை தொடங்கியது. ஒரு நாள் மனுசன் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று லீவு. பாவம், பசியோடு கிடக்கப் போகிறார் என்று பஸ் ஏறிக் கொம்பனிக்குப் போனேன். கன்ரீன் ஜன்னலால் பார்க்கிறேன். என் மனுசன் தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்! வாய் நிறைய, வயிறு குலுங்க. முன்னால் அலெக்ஸாண்டர் மேசையில் அடித்து அடித்துச் சிரிக்கிறான். என் மனுசனுக்கு மேல் வரிசையில் வலப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கட்டின பெண்சாதிக்குத் தெரியாத பல் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்காமலே திரும்பி பஸ் ஏறினேன். போகிற வழியில் அந்தச் சோற்றை நானே சாப்பிட்டேன். பின்னேரம் வந்தவரிடம் "என்ன, இண்டைக்குக் கன்ரீனிலை விசேஷமோ?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல" என்றார். அதோடு சரி.

அன்றிலிருந்து அலெக்ஸாண்டரைக் கண்டாலே எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். எங்கள் காரில்தான் அவன் வேலைக்குப் போய் வருவான். சனிக்கிழமை கடைக்குப் போனாலும் கூடத் தொற்றிக்கொள்வான். ஏறினவுடன் முன் சீற் அவனுக்கு. "அக்கா, எனக்குக் கால் நீளம், பின்னாலை மடங்காது" என்பான். நான் பின்னால், அரிசி மூட்டைக்கும் மரக்கறிப் பைக்கும் நடுவில். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் புருசன் பெண்சாதி மாதிரி.

இனி மல்யுத்தக் கதைக்கு வருகிறேன். அலெக்ஸாண்டருக்கு அது பைத்தியம். ஸ்காபரோவில் கார் திருத்துகிற கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கொட்டகை. உள்ளே நாலு பக்கமும் கயிறு கட்டின மேடை, அதை றிங் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் விழுந்து எழும்பிப் பழகுவான். அங்கேதான் மொறிற்றாவைப் பிடித்தான். மொறிற்றா ஒஸாகாவில் ஒரு குட்டி மல்யுத்தக் கொம்பனி வைத்திருக்கிற ஜப்பான்காரர். அக்காக்காரி ரொறன்ரோவில் இருக்கிறபடியால் ஒவ்வொரு கோடைக்கும் இங்கே வருவார்.

மொறிற்றா புதிதாக ஒரு பட்டம் கண்டுபிடித்திருந்தார். சோடி சோடியாக மோதுவது. ஆனால் அடித்து வெல்கிற பட்டம் இல்லை. மற்றச் சோடியைச் சிரிக்க வைத்தால் வெற்றி. நடுவர் கையில் மணியோடு நின்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவனுக்குச் சிரிப்பில் பல் தெரிந்தால் போதும், மணி அடிபடும், அந்தச் சோடி தோற்றது. சபையில் இருக்கிற சனமும் எழும்பி வந்து கயிற்றுக்கு வெளியே நின்று முகத்தைக் கோணலாம், பகிடி விடலாம். றிங்குக்குள் மட்டும் கால் வைக்கக்கூடாது. "மல்யுத்தத்தில் விழுவதைக்கூட முன்கூட்டியே பேசி வைக்கலாம், சிரிப்பைப் பேசி வைக்க முடியாது" என்பாராம். உலகப் பட்டம் என்று சொல்ல வேண்டுமானால் ஜப்பானுக்கு வெளியிலும் மோத வேண்டுமே, அதற்காகத்தான் இங்கே சோடி தேடினார். இங்கத்தைச் சோடி தோற்க, அவருடைய ஆட்கள் பட்டத்தோடு விமானம் ஏற வேண்டும், அதுதான் திட்டம்.

"ஆள் காணாது வீரண்ணை, சும்மா வந்து நில்லுங்கோ" என்று அலெக்ஸாண்டர் கூப்பிட்டான். நான் பூங்காவுக்குக் கூப்பிட்டால் கால் உளைகிறது என்கிற மனுசன் இவன் கூப்பிட்டதும் போனார். அலெக்ஸாண்டர் தூக்கி நிலத்தில் போட்டானாம். என் மனுசன் நெல் மூட்டை மாதிரி விழுந்து, அதே முகத்தோடு எழும்பி, "ம்" என்றாராம். மொறிற்றா அழுது அழுது சிரித்தாராம். அந்தக் கோடையில் ஒஸாகாச் சோடி என் மனுசனின் முகத்தைக் கண்டே வாய்விட்டுச் சிரித்துப் பட்டத்தைப் பறிகொடுத்தது. மொறிற்றாவின் திட்டம் மண்ணாய்ப் போனது. பட்டம் மல்வேர்னுக்கு வந்தது.

பட்டம் என்றால் ஒரு பெல்ற். தோல் பட்டியில் தட்டுப் போல ஒரு மஞ்சள் தகடு, அதில் வாயை இறுக்கிப் பொத்தின இரண்டு முகம். சோடிக்கு இரண்டு பெல்ற் செய்வதுதான் வழக்கமாம். மொறிற்றா வேண்டுமென்றே ஒன்றுதான் செய்தவராம். ஒரு பெல்ற்றை இரண்டு பேர் வைத்திருந்தால் பிரிய மாட்டார்களாம். எனக்கு இதைக் கேட்கவே உடம்பு கூசியது. எங்களுக்கு ஐயர் தாலி கட்டுவித்தார், இவர்களுக்கு மொறிற்றா பெல்ற் கட்டுவித்திருக்கிறார்! என் தாலிக்கொடியைவிட அது பத்து மடங்கு பாரம்.

ஒரு கிழமை அலெக்ஸாண்டர் வீட்டில், மறு கிழமை எங்கள் வீட்டில். எங்கள் வீட்டுக்கு வரும்போது மனுசன் ஷோக்கேஸைத் திறந்து, கலியாணப் படத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பெல்ற்றை முன்னுக்கு வைப்பார். அவர் வேலைக்குப் போனதும் நான் பெல்ற்றைப் பின்னுக்குத் தள்ளிப் படத்தை முன்னுக்கு வைப்பேன். பின்னேரம் பார்த்தால் பெல்ற் முன்னுக்கு நிற்கும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

அந்த வருசம் முழுக்க இங்கத்தைச் சோடிகள் எத்தனையோ வந்து மோதிப் பார்த்தன. ஒருவராலும் முடியவில்லை. நான் ஒன்றுக்கும் போகவில்லை. "ஆம்பிளையள் கட்டிப் பிரளுறதை நான் என்னத்துக்குப் பாக்க?" என்று சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கிடையில் ஜெராட் தெருவில் வாங்கின நீலப்பூப் போட்ட என் நைற்றி ஒன்றும் காணாமல் போனது. உடுப்புக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். "கண்டனிங்களோ?" என்று மனுசனைக் கேட்டேன். "ம்" என்றார். அது ஓமா இல்லையா என்று யாருக்குத் தெரியும்!

மறு கோடையில் ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மனுசன் தானாக வாய் திறந்தார். "இந்த முறையும் வெண்டா ஒரு மாசம் ஜப்பானுக்குப் போவன் போல. மொறிற்றா கூட்டிப் போறாராம்."

அந்த வருசத்தில் அவர் பேசின ஆக நீளமான பேச்சு அது. "ஆரோடை?" என்றேன்.

"அலெக்ஸோட."

நயாகரா எங்கே இருக்கிறது? காரில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம். அதற்கே என்னை இன்னும் கூட்டிக்கொண்டு போகாத மனுசன்! நான் கையில் இருந்த பிஸ்கற்றை உடைத்து உடைத்துத் தூளாக்கினேன். ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததைக் கண்டு அவர்தான் பயந்துபோனார்.

அடுத்த நாள் வேலையில் கரட் சீவிக்கொண்டிருந்தோம். எமில்டாவுக்கு ஒஸாகா என்றதும் தலைகால் புரியாத சந்தோசம். "அக்கா, இந்த முறையெண்டாலும் வந்து பாருங்கோ. அண்ணை உங்களை மாதிரிச் செய்யேக்கை, அச்சு அசல்! சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

என் கை நின்றது. "என்னை மாதிரியோ?"

"கடவுளே" என்று எமில்டா வாயைப் பொத்தினாள். "உங்களுக்குத் தெரியாதே?"

விசயம் வெளியே வந்தது. அவர்களுடைய ஆட்டமே அதுதானாம். றிங்குக்கு நடுவில் ஒரு கதிரையில் என் மனுசன் உம்மென்று இருப்பாராம். அலெக்ஸாண்டர் பெண்சாதி வேசம் போட்டு, அகப்பையோடு சுற்றிச் சுற்றி ஏசுவானாம். என் வாய், என் பேச்சு, என் ஏச்சு. ஒரு வருசமாக ரொறன்ரோ முழுக்க என் மனுசனுக்கு நானாக நின்று ஏசுகிறவன் அலெக்ஸாண்டர்! என் முன் சீற்றைப் பிடித்தான், சரி. என் மனுசனின் சிரிப்பைப் பிடித்தான், சரி. கடைசியில் என்னையே பிடித்துவிட்டானே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில் போட்டி. மனுசனுக்குச் சொல்லாமல் எமில்டாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் முன் வரிசையில் இருந்தேன். தமிழ்ச் சனம், ஜமேக்காச் சனம், மொறிற்றாவின் அக்கா வீட்டு ஜப்பான் சனம் என்று மண்டபம் நிறைந்து கிடந்தது. ஒஸாகாச் சோடி முதலில் ஆடியது. ஒருவன் ஈர்க்குக் குச்சி, மற்றவன் பீப்பாய். ஈர்க்குக் குச்சி பீப்பாய்க்கு வணக்கம் சொல்லப் பழக்குகிறான். ஒவ்வொரு வணக்கத்துக்கும் இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும். எனக்கே சிரிப்பு வந்தது. என் மனுசன் கல்லுப்பிள்ளையார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கயிற்றடியில் நின்று நாக்கை நீட்டினார்கள். ஒரு கிழவர் கட்டுப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்து ஆட்டினார். ம்ஹூம், அசையவில்லை.

பிறகு அலெக்ஸாண்டர் வந்தான். சனம் கூரை பறக்கக் கத்தியது. தலையில் கம்பளி நூலில் ஒரு கொண்டை. கையில் அகப்பை. உடம்பில் நீலப்பூப் போட்ட என் நைற்றி! தோளில் தையல் விட்டு, முழங்காலோடு நிற்கிறது. "இது என்ரை நைற்றியெல்லோ!" என்றேன். எமில்டா என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஏசத் தொடங்கினான். சும்மா சொல்லக்கூடாது, சனம் சிரித்தது. தமிழ் தெரியாதவர்கள் நைற்றியைப் பார்த்தே சிரித்தார்கள். எனக்கோ ஒவ்வொன்றாகப் பிழை தெரிந்தது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஏசுகிறான். நான் எப்போது இரண்டு கையையும் இடுப்பில் வைத்தேன்? ஒரு கையில் அகப்பை இருக்குமே! "அப்பா" என்று இழுக்கிறான். நான் என் மனுசனை அப்படிக் கூப்பிடுவதே இல்லை. இதுவா அச்சு அசல்? அந்த ஒஸாகாப் பீப்பாய்க்கு உதடு துடிக்கிறது. கன்னத்தை உள்ளே கடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் ஒரு தள்ளு, அவன் சிரித்துவிடுவான். பட்டமும் ஒஸாகாவும் இவர்களுக்குத்தான். அலெக்ஸாண்டருக்கு அது தெரியும். அகப்பையை உயர்த்திப் பெரிய தொண்டையைத் திறந்தான்.

"உங்களுக்கும் பிறிட்ஜுக்கும் என்ன வித்தியாசம்? பிறிட்ஜ் எண்டாலும் திறந்தால் லைற் எரியும்!"

லைற்றா? எனக்கு அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. கைப்பை எமில்டாவின் கையோடு போனது. நான் கயிற்றடியில் நின்றேன்.

"டேய் அலெக்ஸாண்டர்! லைற் இல்லையடா, முனகும்! இடைக்கிடை முனகும் எண்டுதான் நான் சொன்னது! களவெடுத்தால் ஒழுங்காய்க் களவெடு!"

அலெக்ஸாண்டர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அக்கா, நீங்களோ?" என்றான்.

"கழட்டடா என்ரை நைற்றியை!"

அவன் பயத்தில் உண்மையாகவே தலைக்கு மேலால் தூக்கத் தொடங்கிவிட்டான்.

"கழட்டாதை, கழட்டாதை! சனம் இருக்கு!"

தமிழ்ச் சனம் கதிரைகளில் இருந்து விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் மனுசனைத்தான் பார்த்தேன். கதிரையில் அதே முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருசமாக அடக்கி வைத்த பொறாமை எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"நீங்கள் என்ன பாக்கிறியள்? அங்கை கன்ரீனிலை அவனுக்குப் பல்லைக் காட்டத் தெரியும், வீட்டிலை எனக்குக் காட்டத் தெரியாது, என்ன? உங்களைப் பிறிட்ஜ் எண்டு சொன்னது என்ரை பிழைதான். பிறிட்ஜுக்குக் கைபிடி எண்டு ஒண்டு இருக்கு. பிடிச்சு இழுத்தால் உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாக்கலாம். உங்களை எந்த இடத்திலை பிடிச்சுத் திறக்கிறது? சொல்லுங்கோ பாப்பம்! நானும் கலியாணம் கட்டின நாள் துவக்கம் கைபிடியைத் தேடித் தடவிக்கொண்டு நிக்கிறன்!"

முதலில் மனுசனின் காது அசைந்தது. பிறகு தாடை. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தலை பின்னுக்குப் போனது, வாய் திறந்தது. வலப்பக்கத்துக் கடைவாயில் பல் இல்லாத இடம் எனக்கு நேரே தெரிந்தது. கதிரையோடு சாய்ந்து விழுந்து, நிலத்தில் கிடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்காகச் சிரித்தார்.

மணி அடிபட்டது. ஒஸாகாச் சோடி கட்டிப்பிடித்துத் துள்ளியது. அலெக்ஸாண்டர் அகப்பையை எறிந்துவிட்டு றிங்குக்கு நடுவில் குந்தினான். பட்டம் போனது, ஜப்பான் போனது. எனக்கு ஒரு சொட்டும் கவலை வரவில்லை, இப்போதும் இல்லை.

மொறிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து குனிந்து குனிந்து ஏதோ சொன்னார். அவருடைய அக்கா இங்கிலீசில் சொன்னார்: வருகிற வருசம் இந்தச் சோடியில் வீரக்குட்டியோடு நான் நின்றால் நல்லதாம். அப்போது அலெக்ஸாண்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கொம்பனிக் கன்ரீன் ஜன்னல் கண்ணாடியில் நான் கண்ட என்னுடைய முகம்தான் அது.

வெளியே காருக்கு வந்தோம். அலெக்ஸாண்டர் பழக்கதோசத்தில் முன் கதவைத் திறந்தான். நான் ஏற்கெனவே ஏறி இருந்துவிட்டேன். நைற்றியை மாற்றவும் மனமில்லாமல் காலை மடக்கிக்கொண்டு எமில்டாவோடு பின்னால் ஏறினான்.

"ஒரு வருசமாய் றிங்குக்கை நான் எத்தினை பகிடி விட்டனான்" என்று பின்னாலிருந்து புறுபுறுத்தான். "எனக்கு ஒருக்காலும் சிரிக்கேல்லையே வீரண்ணை. அக்கா வந்து ரெண்டு வார்த்தை சொன்ன உடனை சிரிக்கிறியள்."

என் மனுசன் காரை எடுத்தார். நான் விடவில்லை. "றிங்குக்கை சிரிக்காட்டில் என்ன? கன்ரீனிலை இவனுக்கு வயிறு குலுங்கச் சிரிச்சதை நான் என்ரை கண்ணாலை பாத்தனான். அப்பிடி என்னதான் சொன்னவன் உவன்?"

"அவன் ஒண்டும் சொல்லல்ல" என்றார் மனுசன். "நான்தான் சொன்னனான். நீ ராவில ஏசினத அடுத்த நாள் போய்ச் சொல்லிச் சிரிப்பம். நான் சிரிச்சதெல்லாம் நீ சொன்னதுக்குத்தான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்ப எனக்கு முன்னாலை சிரிச்சால் என்ன குறைஞ்சு போகும்?"

சந்தியில் சிவப்பு லைற். மனுசன் காரை நிறுத்தி, பச்சை விழும் வரைக்கும் யோசித்தார்.

"நான் சிரிச்சா, நீ ஏசுறத விட்டிருவாய் எண்டு பயம்" என்றார்.

இத்தனை வருசம்! உப்பில்லாத குழம்பையும் தின்று, பிறிட்ஜ் என்ற பெயரையும் கேட்டு, அவ்வளவு சிரிப்பையும் உள்ளே பூட்டி வைத்து, அடுத்த நாள் கொண்டுபோய் இந்த மீசைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மல்வேர்ன் வந்து சேரும் வரைக்கும் வாய் ஓயாமல் ஏசினேன். மனுசன் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்துச் சிரித்துக் கார் ஓட்டினார். அலெக்ஸாண்டர் என் நைற்றியோடு பின் சீற்றில் ஜன்னல் பக்கம் திரும்பி, முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தான்.